சக்கரம் தொடாத கீபோர்டுக்காரி

"அது அப்படித்தான்" என்று அவள் காது கேட்க யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் தொலைந்தார்கள். "அப்படித்தான்னு ஆரு சொன்னா?" என்று ஆரம்பிப்பாள். சொன்னது யார், எதை வைத்துச் சொன்னார், சொல்வதற்கு அவருக்கு என்ன அதிகாரம் என்று விசாரணை நடத்தித் தீர்ப்பு சொல்லும்வரை விடமாட்டாள். தீர்ப்பும் எப்போதும் ஒன்றுதான். அது அப்படி இல்லை.

திருவனந்தபுரத்தில் தொலைக்காட்சித் தொடர்கள் மழைக்காலத்துக் காளான் மாதிரி முளைத்த காலம் அது. தைக்காட்டுப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டின் உள்ளறைகளைச் சாக்கும் பஞ்சும் வைத்து அடைத்து ரெக்கார்டிங் ஸ்டுடியோ ஆக்கியிருந்தார்கள். தொடர்களுக்குப் பின்னணி இசை சேர்ப்பது அங்கேதான். நான் வீணை. என் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். கதாநாயகி அழுதால் வீணை, அவ்வளவுதான். மாமியார் வந்தாலும், போலீஸ் வந்தாலும், புதையல் கிடைத்தாலும் கீபோர்டு. கோட்டைக்குள் அக்ரகாரத்தில் பிறந்து, விடியற்காலையில் எழுந்து சாதகம் பண்ணிக் கற்ற வித்தை, யாரோ ஒருத்தி கிளிசரின் போட்டுக்கொண்டு விசும்பும்போது மட்டும் வெளியே வரும். நல்லவேளை, அந்தக் கதாநாயகிகள் ஓயாமல் அழுதார்கள். என் பிழைப்பும் ஓடியது.

கீபோர்டு அவள்தான். பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் இப்படி உட்கார்ந்து எழுதுவது தெரிந்தால், "என்னைப் பத்தி எழுத நீங்க ஆரு அக்கா?" என்று கேட்பாள்.

குள்ளம். நல்ல கறுப்பு. பின்னல் மட்டும் இடுப்புக்குக் கீழே வரும். போனக்காடு எஸ்டேட்டில் தேயிலை கிள்ளும் குடும்பத்துப் பெண். சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையின் மாடியில், கடைக்காரரின் தங்கை குடும்பத்தோடு ஒரு அறையில் இருந்தாள். அவள் மேல் எப்போதும் கொத்தமல்லி விதை வாசனை அடிக்கும். தேநீர் குடிப்பதிலும் வம்புதான். நாங்கள் எல்லோரும் பால் விட்டுக் குடிக்கும்போது அவள் மட்டும் பாலும் சர்க்கரையும் இல்லாத கட்டன். அதையும் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளிப்பாள். "இது தேயிலையா? பாக்டரி தரையில கூட்டி அள்ளினதாக்கும்" என்பாள். ஸ்டுடியோ முதலாளி முன்னாலும் சொல்வாள். இசையமைப்பாளர் முன்னாலும் சொல்வாள். தேநீர் கொண்டுவருகிற கடைக்காரரிடம் நேருக்கு நேராகவே சொல்வாள்.

எஸ்டேட் சர்ச்சில்தான் அவளுக்கு இசை வந்தது. அங்கே ஒரு ஆர்மோனியம் இருந்தது. ஆர்மோனியத்தில் சுரத்தை வளைக்க முடியாது, ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது என்று பாட்டு சொல்லிக் கொடுத்த உபதேசியார் சொல்லியிருக்கிறார். இவள் கட்டையை முழுக்க அமுக்காமல் பாதி அமுக்கிப் பார்த்திருக்கிறாள். சுரம் கொஞ்சம் முனகிக்கொண்டு கீழே இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லோரும் முழங்காலில் நிற்கும்போது அதை வாசித்தும் காட்டிவிட்டாள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவளை ஆர்மோனியத்தின் பக்கத்தில் விடவில்லையாம். இதை என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் வருத்தம் துளியும் இல்லை. பரிசுக் கோப்பை வாங்கியவள் மாதிரிதான் சொன்னாள்.

ஸ்டுடியோவில் இருந்த கீபோர்டுக்குச் சொந்தக் குரல் கிடையாது. கட்டையை அமுக்கினால் அதிலிருந்து ஒரு கேபிள் வழியாகச் செய்தி மட்டும் போகும். பக்கத்தில் இருக்கும் பெட்டி அந்தச் செய்தியை வாங்கிப் பாடும். அந்தச் செய்திகளுக்கு மிடி என்று பெயர். இன்ன சுரம், இவ்வளவு அழுத்தம் என்பது ஒரு வகைச் செய்தி. சத்தத்தைக் கூட்டு, குரலை நடுங்க வை, நீட்டிப் பிடி என்பதெல்லாம் வேறு வகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. கீபோர்டின் நெற்றியில் வரிசையாக ஸ்லைடர்கள், திருகுகள், பொத்தான்கள். எது எந்த எண்ணை அனுப்ப வேண்டும் என்பதை நாமே மாற்றிக்கொள்ளலாம். முக்கால்வாசிப் பேர் மாற்றமாட்டார்கள். கம்பெனி எப்படி வைத்து அனுப்பியதோ அப்படியே வாசித்துவிட்டுப் போவார்கள். அவள் வந்த முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் மாற்றிவிட்டாள்.

இடது ஓரத்தில் ஒரு சக்கரம். சுரத்தை மேலேயும் கீழேயும் வளைப்பதற்கு. வலது கையால் கட்டையை வாசித்துக்கொண்டு இடது கையால் சக்கரத்தை உருட்ட வேண்டும். நம் பாட்டுக்கு அது இல்லாமல் முடியாது. நேர்நேராக நிற்கும் சுரங்களை வைத்துக்கொண்டு பாண்டு வாத்தியம் வாசிக்கலாம், கல்யாணச் சீனுக்கு நாதஸ்வரம் வாசிக்க முடியாது. அவள் அந்தச் சக்கரத்தை உருட்டுவதைப் பார்த்தால் ரேடியோவில் ஸ்டேஷன் தேடுகிற மாதிரி இருக்கும். கேட்டால் அப்படி இருக்காது. சில சமயம் நான் வீணையை வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்பேன். அவளிடம் மட்டும் சொன்னதில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனவள் வந்த ஜீப் மலைப்பாதை வளைவில் கவிழ்ந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. இவளுக்கு இடது தோள். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நரம்பு போய்விட்டது என்றார்கள். கை இருந்தது, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தோளை அசைத்தால் கூடவே வரும். விரல்கள் உள்ளே மடங்கிக் கிடக்கும், விரியாது. கட்டு பிரித்து அவள் ஸ்டுடியோவுக்கு வந்த அன்று, இசையமைப்பாளர் எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தார். நல்ல மனுஷர். தொடர் இசையில் பெரிய பெயர். நாங்கள் அவரை சார் என்றே கூப்பிடுவோம்.

"மோளே, இனி நீ கஷ்டப்படவே வேண்டா" என்றார். எங்களோடு பேசும்போது தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார். "டேப் எல்லாம் ஒழுங்கா எடுத்து வைக்க ஒரு ஆள் வேணும். அது நீ செய்தா மதி, போதும். சம்பளம் பழையது தன்னே. பாவம்."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"கீபோர்டு ஆரு வாசிப்பா சார்?"

"கொச்சியில இருந்து ஒரு பையன் வருது. நல்ல பையன்."

"நான் வாசிக்கறேன் சார்."

"சக்கரம் எப்படி மோளே உருட்டுவே? அது அப்படித்தான் அல்லே? இடது கை இல்லாம பற்றில்ல, முடியாது."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மனுஷர் எதில் கால் வைத்தார் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் விசாரணை எதுவும் நடத்தவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். டேப் வேலையை ஒப்புக்கொண்டாள். ஆனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கீபோர்டைத் தொட அனுமதி வேண்டும் என்று கேட்டாள். பாவம் என்று சொன்ன வாயால் அதை மறுக்க முடியுமா? சரி என்றார்.

அன்றைக்குச் சாயந்திரம் பஸ்ஸில் அவளோடு நானும் இருந்தேன். கண்டக்டர் அவள் கையைப் பார்த்துவிட்டு, ஊனமுற்றோர் என்று எழுதியிருந்த சீட்டில் உட்கார்ந்திருந்தவரை எழுப்பினார். இவள் உட்காரவில்லை. "இரிக்கு சேச்சி" என்றார் அவர். "நான் பொம்பளையாக்கும். பொம்பளை சீட்டு காலியாகட்டும்" என்றாள். எழுந்தவருக்கும் தர்மசங்கடம், திரும்ப உட்கார முடியவில்லை. பஸ் முழுக்கக் கூட்டம், நடுவில் அந்த ஒரு சீட்டு மட்டும் காலி. கிழக்கேகோட்டை வரைக்கும் அப்படியே போனோம். எனக்குக் கால் வலி உயிர் போயிற்று. நானாவது உட்கார்ந்திருக்கலாம். அவள் பார்வையைப் பார்த்ததும் தைரியம் வரவில்லை.

அவளுக்கு வேண்டியது அந்தக் கீபோர்டு நாற்காலி. அதையும் வாசிக்கிறவளாக உட்கார வேண்டும். பாவம் பார்த்துத் தருகிற எதுவும் அவளுக்கு வேண்டாம்.

மறுநாள் மத்தியானமே ஆரம்பித்தாள். நான் டிபன் டப்பாவைத் திறந்து தயிர்சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டு பார்ப்பேன். அவள் கீபோர்டின் கையேட்டையும் பெட்டியின் கையேட்டையும் மடியில் போட்டுக்கொண்டு, பக்கம் நழுவாமல் முழங்காலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"என்னடி தேடறாய்?"

"சக்கரம் அனுப்பற செய்திய வேற எதாவது அனுப்புமான்னு பாக்கறேன்."

"வேற எது? காலா?"

"காலு சத்தத்தைக் கூட்டற பெடலுக்கு வேணும். அக்கா, இங்க பாருங்க. கட்டைய அமுக்கின பிறகும் இன்னும் அழுத்தினா அதுக்கு ஒரு தனி செய்தி போவுது. ஆப்டர் டச்சுன்னு. அது சும்மா நடுக்கத்துக்கு வச்சிருக்கான். அதைப் பிடிச்சு சுரத்தை வளைக்க விட்டா?"

கேட்பதற்குச் சுலபமாக இருந்தது. கீபோர்டு அழுத்தத்தை அனுப்பியது. பெட்டிதான் அதை நடுக்கம் என்றே எடுத்துக்கொண்டது. பெட்டியின் மனதை மாற்ற அதற்கென்று ஒரு நீளமான செய்தி உண்டு, எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு சரம். அந்தச் சரத்தின் கடைசியில் ஒரு சரிபார்ப்பு எண் வர வேண்டும். முன்னால் இருப்பதையெல்லாம் கூட்டிக் கழித்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் பெட்டி ஏற்காது. அதன் சின்னத் திரையில் பிழை என்று காட்டும். அவள் கூட்டிக்கொண்டே டேப் அடுக்குவாள், கூட்டிக்கொண்டே சாப்பிடுவாள். பிழை என்று வரும். திட்டுவாள். எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துத் திட்டு. எனக்குப் பாதி புரியாது, புரிந்த பாதியை எழுத முடியாது.

ஒரு நாள் பெட்டி ஏற்றுக்கொண்டது. அவள் ஒரு கட்டையில் விரலை வைத்து அழுத்தினாள். சுரம் கூரைக்குக் கிளம்பிப் போயிற்று. ஆம்புலன்ஸ் வந்துவிட்டதென்று ரெக்கார்டிஸ்ட் சேட்டன் சாப்பாட்டிலிருந்து எழுந்து வாசலுக்கு ஓடினார். நான் சிரித்த சிரிப்பில் தயிர்சாதம் புரையேறியது. அவளும் சிரித்தாள். கை போனதற்கப்புறம் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பிறகு ஆழத்தைக் குறைத்துக் குறைத்து, முழு அழுத்தத்துக்கு ஒரு சுரம் மட்டும் ஏறும்படி கொண்டுவந்தாள்.

கொண்டுவந்த பிறகுதான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழுத்தினால் சுரம் மேலேதான் போகும். கீழே வராது. சக்கரம் என்றால் இரண்டு பக்கமும் போகும்.

"இதுக்கு இவ்வளவு சங்கடமா? வீணையிலே மட்டும் கீழே இழுக்க முடியுமோ? கம்பியை இழுத்தா மேலேதான் போகும். நாங்க என்ன அழுதுண்டா இருக்கோம்? தண்டிலே கீழ் மெட்டுலே விரலை வெச்சு மேலே இழுத்துண்டு வருவோம். வேணும்னா விட்டுடுவோம், இறங்கும்."

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். பிறகு திரும்பி, பெட்டியின் சுருதியையே ஒரு முழுச் சுரம் கீழே இறக்கிவிட்டாள். அதாவது, அந்தக் கீபோர்டில் எந்தக் கட்டையைச் சும்மா தொட்டாலும் ஒரு சுரம் கம்மியாகத்தான் கேட்கும். அழுத்தினால்தான் தன் இடத்துக்கு வந்து நிற்கும். ஒவ்வொரு சுரத்தையும் விரலால் பிடித்து ஏற்றிக்கொண்டு போக வேண்டும், ஏற்றிய இடத்தில் பிடித்து நிறுத்தவும் வேண்டும். வலது கையின் விரல் நுனிகள் முதலில் சிவந்து, பிறகு காய்த்துப் போயின. என் இடது கை விரல்களில் கம்பி போட்ட கோடுகள் உண்டு. ஒரு நாள் இரண்டு பேரும் விரல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டோம். எனக்கு அவள் மேல் அவ்வளவு பிரியமாக இருந்தது.

கொச்சிக்காரன் தாமதமாகத்தான் வந்தான், அதுவரை சார் வாடகைக் கீபோர்டும் ஆளும் வைத்துச் சமாளித்தார். உண்மையிலேயே நல்ல பையன்தான், இருபத்தைந்து வயதிருக்கும், எல்லோருக்கும் வணக்கம் சொன்னான். உட்கார்ந்து வாசித்தான். ஒரு சுரம் கீழே கேட்டது. முகம் மாறி அழுத்தமாக வாசித்தான். ஒரு சுரம் ஏறியது, இன்னொன்று பாதி ஏறியது, மூன்றாவது ஏறாமல் நின்றது. "இது கேடாணு சார், ரிப்பேர்" என்றான். அவள் டேப் எடுக்க சேனல் ஆபீசுக்குப் போயிருந்தாள். நான் அன்று வரவேயில்லை, அழுகைச் சீன் இல்லை. சேட்டனுக்கும் சுருதியை இறக்கி வைத்த விஷயம் தெரியாது. இரண்டு பொத்தான்களை அமுக்கிக்கொண்டு சுவிட்சைப் போட்டால் கீபோர்டும் பெட்டியும் கம்பெனியிலிருந்து வந்தபடி ஆகிவிடும். அப்படிப் போட்டார்கள். அவள் மாற்றி வைத்திருந்த அத்தனையும் போயிற்று.

மறுநாள் மத்தியானம் அவள் ஒரு கட்டையில் விரலை வைத்தாள். சுத்தமான சுரம், கம்பெனிச் சுரம். அழுத்தினாள். லேசாக நடுங்கியது. அவ்வளவுதான். நான் டப்பாவை மூடிவிட்டேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். கதாநாயகிகளாக இருந்தால் அந்த இடத்தில் என்னைக் கூப்பிட்டிருப்பார்கள்.

"ஆரு?" என்றாள்.

சேட்டன் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் கொச்சிக்காரனைக் கூப்பிட்டாள். அவனுக்கு வேர்த்துவிட்டது. "உங்க மேல தப்பில்ல. தெரியாம செஞ்சது. ஆனா கேக்காம செஞ்சீங்க. இனிமே கேளுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திரும்பி உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்கினாள். இந்தத் தடவை கையேட்டைத் திறக்கவில்லை. சரம், சரிபார்ப்பு எண், ஆழம், சுருதி எல்லாம் தலையில் இருந்தன. பெட்டி ஒரு முறைகூடப் பிழை காட்டவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லோரும் உள்ளே வந்து நின்றார்கள். அவள் நகரவில்லை. சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சார், இது முடியட்டும்" என்றாள். கேட்ட மாதிரி இல்லை, சொன்ன மாதிரி இருந்தது. அவரும் நின்றார்.

முடிந்ததும் பையிலிருந்து ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளைப் பிளாஸ்திரிச் சுருளை எடுத்து, பல்லால் கிழித்து, ஒவ்வொரு ஸ்லைடருக்கும் பொத்தானுக்கும் கீழே ஒட்டினாள். அதில் பேனாவால் எழுதினாள். நடுக்கம். மூச்சு. தூரம். மாமியார். பொத்தான் ஒன்றுக்கு 'தொட்டா தெரியும்' என்று எழுதினாள். எல்லாம் தமிழில். ஸ்டுடியோவில் தமிழ் படிக்கத் தெரிந்தது நாங்கள் இரண்டு பேர்தான். சேட்டன் அதைக் குனிந்து பார்த்து, "இது எந்தா, மந்திரவாதமோ?" என்று கேட்டார்.

அன்றைக்குக் கல்யாண எபிசோடு. நாதஸ்வரம் வேண்டும். கொச்சிக்காரன் முதலில் அந்த வாடகைக் கீபோர்டில் சக்கரத்தை உருட்டி வாசித்தான். சுத்தமாகத்தான் வாசித்தான். திரையில் மாப்பிள்ளை தாலி கட்டினான். சார் உதட்டைப் பிதுக்கினார். "சுகமில்ல" என்றார். அவள் அனுமதி கேட்கவில்லை. தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வலது கையைக் கட்டையில் வைத்தாள், இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கெட்டிமேளத்துக்கு முன்னால் கொஞ்சம் கல்யாணி வாசித்தாள். மத்திமத்திலிருந்து பஞ்சமத்துக்கு விரலால் அழுத்தி ஏறினாள் பாருங்கள், எனக்குப் புல்லரித்தது. என் கல்யாணத்தில்கூட இவ்வளவு நல்ல நாதஸ்வரம் இல்லை. கல்யாணமும் அப்படித்தான், அது வேறு கதை.

கொச்சிக்காரன்தான் முதலில் பேசினான். "சார், இது எனக்கு வராது. சேச்சி இருக்கட்டே" என்றான். பெரிய மனசு. சார் டேக் என்றார். டேப் அடுக்கும் வேலைக்கு வேறு ஆள் வந்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! சாருக்கு இப்போது அவள் மேல் பெருமை தாங்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம், "ஒற்றைக் கை கொண்டு வாசிக்குது, பாவம் குட்டி" என்பார். பெருமைக்கும் பாவத்துக்கும் நடுவில் அவருக்கு இடைவெளியே கிடையாது. அவள் சொல்லிப் பார்த்தாள். "சார், கை பத்தி பேசண்டா. வாசிப்பு பத்தி பேசுங்க." அவருக்குப் புரியவில்லை. நல்லவர்களிடம் சண்டை போடுவதுதான் கஷ்டம். இடம் கொடுத்தே கொல்வார்கள்.

கடைசியில் ஒரு சேனலில் பேசி, சாதனை மனிதர்களைப் பேட்டி காணும் ஒரு பிரபல மனிதரையே ஸ்டுடியோவுக்கு வரவழைத்துவிட்டார். வெள்ளைச் சில்க் ஜிப்பா, சந்தனப் பொட்டு, உருக்கமான குரல். அந்தக் குரலுக்குக் கேரளமே அழும். அவள் ஒரு நிபந்தனை போட்டாள். கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஜிப்பாக்காரர், "நிச்சயமாயும்" என்று நெஞ்சில் கை வைத்தார். பிறகு என்னிடம் வந்து தாழ்ந்த குரலில், தான் பேசும்போது பின்னால் கொஞ்சம் சோகமாக வீணை வாசிக்க முடியுமா என்று கேட்டார். காமிராக்காரரிடம் இடது கையை நெருக்கமாக எடுக்கச் சொன்னதும் என் காதில் விழுந்தது. நான் போய் அவளிடம் சொன்னேன்.

"வாசிக்காதீங்கக்கா."

"நான் ஏண்டி வாசிக்கறேன்? கம்பி அறுந்துடுத்துன்னு சொல்லிட்டேன். ஆனா அவர் விடமாட்டார். நீ எழுந்து போயிடு."

"நான் எதுக்குப் போகணும்? என் நாற்காலி இது."

கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். அப்போது ஸ்டுடியோவில் புதிதாக ஒரு டிஜிட்டல் மிக்ஸர் வந்திருந்தது. எல்லா மைக்கின் சத்தமும் அதன் வழியாகத்தான் போகும். அதுவும் மிடி செய்திக்குக் கட்டுப்படும். வாசிக்கும்போது எழுந்து போகாமலே சத்தங்களைச் சரிசெய்துகொள்ளலாம் என்று அவள் அதற்கும் கீபோர்டுக்கும் கேபிள் போட்டு வைத்திருந்தாள். ஜிப்பாக்காரர் சட்டையில் மைக் குத்திக்கொண்டார். காமிராக்காரர் அவளுடைய இடது கையை எப்படி வைக்கலாம் என்று யோசித்தார். "மேல வைக்கட்டுமா? நல்லா தெரியும்" என்று அவளே கேட்டாள். வலது கையால் இடது கையைத் தூக்கி, கீபோர்டின் இடது கோடி ஸ்லைடர் மேல் கிடத்தினாள். மடங்கின விரல்கள் அந்தக் குமிழைச் சுற்றிக் கிடந்தன. காமிராக்காரருக்குப் பரம திருப்தி.

"பிரியப்பட்ட பிரேக்ஷகரே, விதி ஒரு கையைப் பறித்துக்கொண்டபோது..." என்று நேயர்களை விளித்து ஆரம்பித்தார் ஜிப்பாக்காரர்.

"சார், ஆடியோ போயி" என்றார் சேட்டன், ஹெட்போனைத் தட்டிக்கொண்டே.

மைக்கை மாற்றினார்கள். "விதி ஒரு கையை..." ஆடியோ போயிற்று. கேபிளை மாற்றினார்கள். சேட்டன் பரிசோதிக்க, "எதாவது பேசுங்க சார்" என்றார். "இந்தக் கீபோர்டு எந்த ஊரில் செய்தது?" என்று கேட்டார் ஜிப்பாக்காரர். கணீரென்று கேட்டது. சரி, தொடங்கலாம். "அந்தப் பயங்கரமான விபத்தில்..." போயிற்று. சேட்டன் மேஜைக்கு அடியில் நுழைந்தார். சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

நான் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தேன். ஜிப்பாக்காரர் குரலில் உருக்கம் ஏறும்போதெல்லாம் அவள் நாற்காலியில் மெதுவாகப் பின்னால் சாய்கிறாள். கூச்சத்தில் சாய்வதாகத்தான் யாருக்கும் தோன்றும். தோள் பின்னால் வர, கையும் கூட வந்தது. கையோடு ஸ்லைடரும் இறங்கியது, அவர் மைக்கும் அடங்கியது; முன்னால் குனிந்தால் இரண்டும் ஏறும். அதற்குக் கீழே புதுப் பிளாஸ்திரித் துண்டு. 'வாய்' என்று எழுதியிருந்தது. நான் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன்.

அரைமணி நேரத்துக்குப் பிறகு ஜிப்பாக்காரர் களைத்துப் போனார். விதியையும் விபத்தையும் விட்டுவிட்டு, நாதஸ்வரச் சத்தம் எப்படி வருகிறது என்று கேட்டார். குரல் கணீரென்று வந்தது. அவள் முன்னால் குனிந்து பதில் சொன்னாள். ஆப்டர் டச், சரிபார்ப்பு எண், ஒரு சுரம் இறக்கின சுருதி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். புரிந்திருக்காது. ஆனால் கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது ஒளிபரப்பானது. நானும் என் மாமியாரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். பேட்டியில் கீபோர்டைப் பற்றி மட்டும்தான் பேச்சு. ஆனால் சத்தம் இல்லாத அந்தப் படத்தையும் வீணாக்க அவர்களுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. தலைப்பு ஓடும்போது இடது கையை மட்டும் திரை முழுக்க, மிக நெருக்கமாகக் காட்டினார்கள். பின்னணியில் அவள் வாசித்த கல்யாணி.

"ஐயோ பாவம்டி" என்றாள் என் மாமியார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்தச் சின்ன வயசிலே அந்தக் கை ஒண்ணுத்துக்கும் உதவாம கிடக்கறது பாரு."

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. இவளும் ஒரு மனுஷியா என்று மாமியார் என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். அங்கே அந்தக் கை, ஊரெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பெரிய மனிதரின் வாயை நிதானமாக மூடிக்கொண்டிருந்தது.